மாத்திரையா, பேச்சுச் சிகிச்சையா? மனநலச் சிகிச்சைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி

மனச்சோர்வு என்றோ பதற்றக் கோளாறு என்றோ மருத்துவர் சொல்லக் கேட்ட ஒருவர், வீடு திரும்பியதும் பெரும்பாலும் ஒரே கேள்விக்குத்தான் விடை தேடத் தொடங்குகிறார்: மாத்திரை நல்லதா, கவுன்சலிங் நல்லதா? கேள்வி இயல்பானதுதான். ஆனால் அதை அப்படியே கேட்டால் பயன்படும்படியான விடை கிடைப்பதில்லை. எந்த நோய்க்கு, எவ்வளவு கடுமைக்கு, எந்தக் கட்டத்தில் என்ற மூன்றும் அந்தக் கேள்வியில் விடுபட்டுப் போகின்றன. முதல் இரண்டையும் ஒரு நல்ல மருத்துவர் தாமாகவே விசாரித்துவிடுவார். மூன்றாவதான காலக்கணக்குதான் நோயாளிகளின் கண்ணுக்கும் குடும்பத்தாரின் கண்ணுக்கும் தப்பிவிடுகிறது. சிகிச்சை பலிக்கவில்லை என்று மனம் உடைந்துபோகிறவர்களில் பலர், உண்மையில் தவறான நேரத்தில் அதை அளந்து பார்த்தவர்களே.

ஆகவே ஒவ்வொரு சிகிச்சையையும் மூன்று இடங்களில் நிறுத்திப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தொடங்கிய முதல் சில மணி நேரத்திலும் முதல் சில வாரங்களிலும் அது என்ன செய்கிறது? மூன்று மாதத்தில் என்ன செய்கிறது? அதை நிறுத்தி ஓராண்டு ஆன பிறகு நம்மிடம் என்ன மிச்சம் இருக்கிறது? இந்த மூன்று இடங்களிலும் முதலாவதாக நிற்கும் சிகிச்சை எதுவும் இல்லை. முதல் இடத்தில் மிகச் சிறப்பாகத் தெரிவது மூன்றாம் இடத்தில் பெருந்தொல்லையாக மாறிவிடுவதும், முதலில் பயனற்றதாகத் தோன்றுவது கடைசியில் நிலைத்து நிற்பதும் மனநலச் சிகிச்சையில் அடிக்கடி நடப்பவை.

முதலில் பெயரும் அளவும்

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-ஆம் ஆண்டில் உலக மக்களில் எட்டில் ஒருவர், அதாவது சுமார் 97 கோடிப் பேர், ஏதேனும் ஒரு மனநலக் கோளாறுடன் வாழ்ந்து வந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 30 கோடிப் பேருக்குப் பதற்றக் கோளாறுகளும் 28 கோடிப் பேருக்கு மனச்சோர்வும் இருந்தன. இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவதும் சாதாரணம். இக்கட்டுரை முதன்மையாக இவற்றைப் பற்றியே பேசுகிறது.

கடுமையை அளக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் எளிய கருவிகளில் ஒன்று பி.எச்.க்யூ-9 என்னும் ஒன்பது கேள்விப் பட்டியல். கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் நாட்டமின்மை, தூக்கக் குறைவு, களைப்பு, தன்னைப் பற்றிய தாழ்வெண்ணம் போன்றவை எத்தனை நாள் வாட்டின என்று அது கேட்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. 5 முதல் 9 வரை லேசானது, 10 முதல் 14 வரை மிதமானது, 15 முதல் 19 வரை ஓரளவு கடுமையானது, 20-உம் அதற்கு மேலும் கடுமையானது என்று கொள்வார்கள். பதற்றத்துக்கு இதைப் போலவே ஏழு கேள்விகள் கொண்ட ஜி.ஏ.டி-7 இருக்கிறது, அதன் மொத்தம் 21. நோயை உறுதிசெய்ய இவை மட்டும் போதாது. ஆனால் மாற்றத்தை அளக்க இவை மிக நல்ல அளவுகோல்கள். சிகிச்சை தொடங்கும் முன் ஒருமுறையும், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும் நிரப்பி, தேதி போட்டு வைத்துக்கொள்வதை நான் வலியுறுத்திச் சொல்வேன். மனச்சோர்வில் இருக்கும் மனம் தன் கடந்த காலத்தையும் இன்றைய நிறத்திலேயே பார்க்கும். இன்று காலை மோசமாக இருந்தால் ‘போன மாதம் முழுக்க ஒரு நாள்கூட நன்றாக இல்லை’ என்று அது உறுதியாகச் சொல்லும். மதிப்பெண் 19-இலிருந்து 12-க்கு இறங்கியிருப்பதைத் தாளில் பார்க்கும்போதுதான் உண்மை தெரியும்.

சிகிச்சைகளை ஒப்பிடுவதற்கு முன் விலக்கிப் பார்க்க வேண்டியவை சில உண்டு. தைராய்டு சுரப்பு குறைந்தாலும், இரத்தசோகை இருந்தாலும், பி-12 வைட்டமின் குறைந்தாலும் மனச்சோர்வைப் போன்ற சோர்வும் மந்தமும் வரும். இரத்தப் பரிசோதனை அவற்றைக் காட்டிவிடும். தொடர்ந்த மதுப்பழக்கமும் இதே தோற்றத்தைத் தரும். இவற்றைவிட முக்கியமானது ஒரு கேள்வி: வாழ்க்கையில் எப்போதாவது, தூக்கமே தேவைப்படாமல், பல நாட்கள் தொடர்ந்து மிதமிஞ்சிய உற்சாகமும் வேகமும் பேச்சும் செலவும் இருந்ததா? இருந்திருந்தால் அது இருதுருவக் கோளாறாக, அதாவது பைபோலாராக, இருக்கலாம். அதற்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் நோயாளி பித்துநிலைக்குத் தள்ளப்படும் ஆபத்து உண்டு. 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் பயனைக் கண்டு எழுதிய லித்தியம் உட்பட, அதற்கான மருந்துவகை வேறு. இந்தக் கேள்வியை மருத்துவர் கேட்க மறந்தாலும், நோயாளியோ உடன் வந்தவரோ தாமாகவே சொல்லிவிட வேண்டும்.

மாத்திரைகள் காலப்போக்கில்

மனச்சோர்வுக்கான முதல் மருந்துகள் தற்செயலாகக் கிடைத்தவை. 1950-களில் காசநோய்க்குக் கொடுத்த ஐப்ரோனியாசிட் என்னும் மருந்து நோயாளிகளின் மனநிலையை உயர்த்துவதை மருத்துவர்கள் கவனித்தார்கள். அதே பத்தாண்டில் இமிப்ரமின் வந்தது. இன்று முதலில் எழுதப்படுபவை பெரும்பாலும், செரோடோனின் என்னும் மூளை வேதிப்பொருளின் மேல் செயல்படும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரைகள்: ஃப்ளூஆக்சிடின், செர்ட்ராலின், எஸ்சிடாலோப்ராம், பாராக்சிடின் போன்றவை. ஃப்ளூஆக்சிடினுக்கு அமெரிக்காவில் 1987-இல் ஒப்புதல் கிடைத்தது. வென்லாஃபாக்சின், டுலாக்சிடின் ஆகியவை இவற்றின் நெருங்கிய உறவினர்கள். பழைய வகையான இமிப்ரமினும் அமிட்ரிப்டிலினும் வேலை செய்யாமல் போனதால் ஓரங்கட்டப்படவில்லை. அளவுக்கு மீறி விழுங்கினால் இதயத்தைத் தாக்கி உயிரைப் பறிக்கக்கூடியவை என்பதும், வாய் வறட்சி, மலச்சிக்கல் போன்ற தொல்லைகள் அதிகம் என்பதும்தான் காரணம்.

2018-இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, 21 மருந்துகளைப் பற்றிய 522 ஆய்வுகளையும் அவற்றில் கலந்துகொண்ட 1,16,477 பேரின் விவரங்களையும் ஒன்றுசேர்த்துப் பார்த்தது. வயதுவந்தவர்களின் மனச்சோர்வில், 21 மருந்துகளுமே மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிடக் கூடுதல் பலன் தந்தன. சராசரியாக அந்தக் கூடுதல் பலன் மிதமானதுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெற்று மாத்திரை எடுத்தவர்களிலும் கணிசமானோர் தேறுகிறார்கள். சராசரி என்பது சிலருக்கு மிகுந்த பலன், சிலருக்கு ஒன்றுமில்லை என்ற இரண்டையும் கலந்த எண் என்பதும் மறக்கக்கூடாதது. நடைமுறைக்குத் தேவையான செய்தி வேறொன்று: பலனில் மருந்துக்கு மருந்து உள்ள வேறுபாடு சிறியது, பக்கவிளைவுகளில் உள்ள வேறுபாடுதான் பெரியது. எனவே மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது, எந்தத் தொல்லையை என்னால் தாங்க முடியும் என்ற கேள்விக்கு உரிய இடம் தர வேண்டும். தூக்கமும் பசியும் அறவே போய் எடை குறைந்தவருக்கு, தூக்கத்தையும் பசியையும் கூட்டும் மிர்டாசபின் பொருந்தலாம். ஏற்கெனவே எடை கூடி வருந்துகிறவருக்கு அதே மருந்து பொருந்தாது. எஸ்.எஸ்.ஆர்.ஐ. எடுப்பவர்களில் பலருக்குப் பாலுறவு நாட்டமும் திறனும் குறைகின்றன. கூச்சத்தால் இதை யாரும் மருத்துவரிடம் சொல்வதில்லை. சொல்லாமலே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். சொல்லியிருந்தால் அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ வழி இருந்திருக்கும்.

இனிக் காலக்கணக்கு. முதல் வாரத்தில் குமட்டல், தலைவலி, தூக்கம் கெடுதல், சிலருக்குப் பதற்றம் இன்னும் கூடுதல் ஆகியவை வரும், பலன் வந்திருக்காது. அதாவது, தொடக்கத்தில் நோயாளியின் கையில் செலவு மட்டுமே இருக்கிறது, வரவு இல்லை. பலரும் கைவிடுவது இங்கேதான். பெரும்பாலோருக்கு அந்தத் தொல்லைகள் ஓரிரு வாரங்களில் அடங்கும். பலனின் முதல் அடையாளம் இரண்டு முதல் நான்கு வாரங்களில் தென்படும். சரியான டோஸில் ஆறு முதல் எட்டு வாரம் ஆன பிறகே மருந்து பலிக்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல முடியும். இன்னொன்றையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 25 வயதுக்குட்பட்டவர்களில் சிலருக்கு, தொடங்கிய அல்லது டோஸ் மாற்றிய முதல் வாரங்களில் தற்கொலை எண்ணம் அதிகரிக்கக்கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2004-இல் குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் இந்த எச்சரிக்கையை அறிவித்து, 2007-இல் 24 வயது வரையுள்ள இளைஞர்களுக்கும் அதை நீட்டித்தது. மருந்தே கூடாது என்பது இதன் பொருள் ஆகாது. அந்த வாரங்களில் இளையவரை அருகிலிருந்து கவனிக்க வேண்டும், மருத்துவரை அடிக்கடி பார்க்க வேண்டும் என்பதே பொருள்.

மூன்று மாதக் கட்டத்தில், முதலில் கொடுத்த மருந்திலேயே அறிகுறிகள் முழுவதும் அடங்கியவர்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு என்பதை, நாலாயிரம் பேருக்கு மேல் சேர்த்து அமெரிக்காவில் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஸ்டார்-டி ஆய்வு காட்டியது. மற்றவர்களில் சிலர் மருந்தை மாற்றியும், இன்னொன்றைச் சேர்த்தும் தேறினார்கள். முதல் மாத்திரை தோற்றால் அது ஒரு மாத்திரையின் தோல்வி மட்டுமே என்று நோயாளிக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை, சொல்லப்படாமல் தவித்தவர்களிடம் கேட்டால் தெரியும்.

மூன்றாம் கட்டம் நிறுத்துவது. அறிகுறிகள் அடங்கிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் மாத்திரையைத் தொடரச் சொல்வதும், பலமுறை வந்து போன நோய் என்றால் இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தொடரச் சொல்வதும் வழக்கம். நன்றாக இருக்கிறதே என்று திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல், தெளிவான கெட்ட கனவுகள், தலைக்குள் மின்சாரம் பாய்வதுபோன்ற சுரீர் உணர்வு ஆகியவை வரக்கூடும். பாராக்சிடினிலும் வென்லாஃபாக்சினிலும் இது அதிகம். உடலில் நெடுநாள் தங்கும் ஃப்ளூஆக்சிடினில் குறைவு. இந்த விலகல் தொல்லையையும் நோய் மீண்டும் வருவதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. விலகல் தொல்லை பெரும்பாலும் சில நாட்களுக்குள் தொடங்கும், உடல் அறிகுறிகளுடன் வரும், மாத்திரையை மறுபடி எடுத்தால் விரைவில் அடங்கும். திரும்பி வரும் நோய் வாரக்கணக்கில் மெல்லப் படரும். நெடுநாள் எடுத்தவர்கள் மருத்துவரின் வழிகாட்டலில் வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில், டோஸைச் சிறிது சிறிதாகக் குறைப்பதே நல்லது.

‘மூளையில் செரோடோனின் குறைந்துவிட்டது, மாத்திரை அதை நிரப்புகிறது’ என்ற விளக்கத்தைப் பலர் கேட்டிருப்பார்கள். அவ்வளவு எளிமையான குறைபாடு இருப்பதை ஆராய்ச்சி உறுதிப்படுத்தவில்லை. மாத்திரைகள் வேலை செய்கின்றன என்பதை நாம் அறிவது ஆய்வுகளில் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டதால். அந்த விளக்கம் விழுந்தாலும் அந்த முடிவு விழுவதில்லை.

ஒரு மணி நேரத்தில் வெல்லும் மாத்திரை

அல்பிரசோலம், குளோனசெபாம், லோராசெபாம், டயசெபாம் ஆகியவை வேறொரு குடும்பம்: பென்சோடயசெபின்கள். முதல் கட்டத்தில் மட்டும் அளந்தால் பதற்றத்துக்கு இவற்றை மிஞ்ச எதுவும் இல்லை. விழுங்கி ஒரு மணி நேரத்துக்குள் நெஞ்சுப் படபடப்பு இறங்கி, கைகள் நடுங்குவது நின்று, மனம் அமைதியாகிறது. அந்த வேகம்தான் இவற்றின் ஆபத்தும்கூட. சில வாரங்களிலேயே உடல் பழகிக்கொள்கிறது. அதே அமைதிக்குக் கூடுதல் அளவு தேவைப்படுகிறது. நிறுத்த முயன்றால் பழைய பதற்றம் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பலாம். நெடுநாள் எடுத்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மதுவோடும் அபின் வகை வலிமருந்துகளோடும் சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடும் அபாயம் உண்டு. அதனால்தான் இவற்றை நெருக்கடி நேரங்களுக்கும் இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள்ளும் வைத்துக்கொள்ளும்படி வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன.

இவற்றால் மறைமுகமான இழப்பு ஒன்றும் உண்டு. பீதி வரும்போதெல்லாம் மாத்திரையால் அதை அணைத்துவிடுகிறவருக்கு, பீதி தானாகவே இறங்கும் என்பதை அனுபவத்தில் அறியும் வாய்ப்பு கிடைப்பதே இல்லை. சட்டைப்பையில் மாத்திரை இருக்கிறதா என்று தடவிப் பார்க்காமல் வெளியே போக முடியாதவர்கள் பலர்.

பேச்சுச் சிகிச்சை: ஆறுதலுக்கும் பயிற்சிக்கும் உள்ள வேறுபாடு

கவுன்சலிங் என்ற சொல் இன்று மிக வேறுபட்ட பல வேலைகளைக் குறிக்கிறது. பொறுமையாகக் கேட்டு ஆறுதல் சொல்வதும் கவுன்சலிங்தான், புத்திமதி சொல்வதும் அந்தப் பெயரிலேயே நடக்கிறது. ஆய்வுகளில் மாத்திரைக்கு நிகராக நின்று காட்டியவை பெரும்பாலும் வரையறுத்த முறைகள். அவற்றில் அதிகம் ஆராயப்பட்டது சி.பி.டி. எனப்படும் அறிதல்-நடத்தைச் சிகிச்சை. 1960-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் அதன் அடிப்படையை அமைத்தார். வாரம் ஒருமுறையாக 12 முதல் 20 அமர்வுகள் என்பது பொதுவான கணக்கு. மனச்சோர்வில் முடங்கிக் கிடப்பவரைச் சிறு சிறு செயல்களுக்கு நாள் குறித்து மீண்டும் வாழ்க்கைக்குள் இழுத்துவரும் செயலூக்கச் சிகிச்சையும், இழப்பு, பூசல், வாழ்க்கை மாற்றம் ஆகியவற்றின் வழியே உறவுகளைச் சீர்செய்யும் உறவுமுறைச் சிகிச்சையும் இந்த வரிசையில் சேர்பவை.

இது எப்படி நடக்கிறது என்பதை ஒரு காட்சியாகப் பார்த்தால் தெளிவாகும். பீதித் தாக்குதல் உள்ள ஒருவருக்கு நெஞ்சு படபடத்ததும் ‘இதோ மாரடைப்பு’ என்ற எண்ணம் எழுகிறது. அந்த எண்ணமே படபடப்பை மேலும் ஏற்றுகிறது. இதயப் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்ன பிறகு, சிகிச்சையாளர் அவரைச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்து ஒரு நிமிடம் சுற்றச் சொல்கிறார். மெல்லிய உறிஞ்சுகுழல் வழியாக மட்டும் மூச்சுவிடச் சொல்கிறார். இருந்த இடத்திலேயே ஓடச் சொல்கிறார். தலை சுற்றுகிறது, மூச்சு முட்டுகிறது, இதயம் அடித்துக்கொள்கிறது; அவர் எதற்கு அஞ்சி ஓடினாரோ அத்தனையும் வேண்டுமென்றே வரவழைக்கப்படுகின்றன. பயத்துக்கு நூற்றுக்கு எத்தனை என்று சிகிச்சையாளர் கேட்கிறார், 85 என்கிறார். எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். சில நிமிடங்களில் 60, பிறகு 40. மாரடைப்பு வரவில்லை. இதையே வீட்டிலும் நாள்தோறும் செய்து, எண்களைத் தாளில் எழுதி வரச் சொல்கிறார். அடுத்த வாரம் அதே நாற்காலியில் முதல் எண்ணே 55 ஆக இருக்கிறது.

இந்தக் காட்சியிலேயே பேச்சுச் சிகிச்சையின் காலக்கணக்கு முழுவதும் இருக்கிறது. முதல் கட்டத்தில் இது சுகம் தருவதில்லை, வேதனையைக் கூட்டுகிறது. பேச்சுச் சிகிச்சைக்குப் பக்கவிளைவே இல்லை என்று சொல்கிறவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மூன்று மாதத்தில், மிதமான மனச்சோர்விலும் பதற்றத்திலும், சராசரியாக மாத்திரைக்கு நிகரான பலனைத் தருகிறது. நிறுத்திய பின் வரும் ஓராண்டில்தான் வேறுபாடு துலங்குகிறது: சி.பி.டி.யை முடித்தவர்களுக்கு, மாத்திரையை எடுத்து நிறுத்தியவர்களைவிட நோய் திரும்பி வருவது குறைவு என்பது மனச்சோர்வைப் பற்றிய ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் தென்பட்ட முடிவு. மாத்திரை எடுக்கும் வரை வேலை செய்கிறது. நாற்காலியில் கற்றது கற்றவரோடு தங்கிவிடுகிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால், குறிப்பாக மனச்சோர்வு கடுமையாகவோ நெடுநாளாகவோ இருக்கும்போது, தனித்தனியாகக் கொடுப்பதைவிடக் கூடுதல் பலன் கிடைக்கிறது. எழுந்து குளிக்கக்கூட முடியாத நிலையில் இருப்பவரால் வீட்டுப்பாடம் செய்ய முடியாது. மாத்திரை அவரைத் தூக்கி உட்காரவைத்தால், பயிற்சி அவரை நடக்கவைக்கும்.

பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறி, கடுமை குறைந்த மனச்சோர்வில், நோயாளியே விரும்பினால் ஒழிய, மாத்திரையை வழக்கமான முதல் சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்று சொன்னது. வழிகாட்டலுடன் கூடிய சுய உதவிப் பயிற்சியில் தொடங்கலாம் என்றது. பேச்சுச் சிகிச்சை எளிதில் கிடைக்காது என்ற தடையை உடைத்துக் காட்டிய முயற்சிகளும் உண்டு. சிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா தொடங்கிய ‘நட்பு பெஞ்ச்’ திட்டத்தில், பயிற்சி பெற்ற பாட்டிமார்கள் சுகாதார நிலையத்துக்கு வெளியே மர பெஞ்சில் உட்கார்ந்து, பிரச்சினைகளைப் படிப்படியாகத் தீர்க்கும் முறையைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். 2016-இல் வெளியான ஆய்வில், அவர்களிடம் சென்றவர்களின் அறிகுறிகள் வழக்கமான கவனிப்பைப் பெற்றவர்களின் அறிகுறிகளைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தன. பட்டத்தைவிட, முறையைப் பிசகாமல் கையாள்வது முக்கியம் என்று இதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன். ஒரு சிகிச்சையாளரிடம் நான்கைந்து அமர்வுகள் போன பிறகும் இலக்கு என்ன என்று பேசப்படவில்லை, வீட்டில் செய்ய எதுவும் தரப்படவில்லை, முன்னேற்றம் அளக்கப்படவில்லை என்றால், அதைப் பற்றி அவரிடமே வெளிப்படையாகக் கேட்கலாம், கேட்க வேண்டும்.

நோய்க்கு நோய் மாறும் விடை

வேண்டாத எண்ணங்களும் அவற்றைத் தணிக்கச் செய்யும் சடங்குகளும் விடாமல் துரத்தும் ஓ.சி.டி.யில் வெறும் பேச்சு போதாது. விவாதித்து நம்பிக்கையூட்டுவது சில நேரம் நோயையே வளர்க்கும். கதவுப் பிடியைத் தொட்டுவிட்டுக் கையைக் கழுவாமல் பதற்றம் இறங்கும் வரை இருப்பது போன்ற, பயத்தை எதிர்கொண்டு சடங்கைத் தடுக்கும் பயிற்சியே இதற்கு உரிய பேச்சுச் சிகிச்சை. ‘கை சுத்தமாகத்தான் இருக்கிறது’ என்று நாளுக்கு இருபது முறை உறுதி சொல்லும் குடும்பத்தாரும் அறியாமல் சடங்கில் பங்கெடுக்கிறார்கள் என்பதால், அவர்களையும் பயிற்சியில் சேர்ப்பார்கள். மாத்திரை என்றால் மனச்சோர்வுக்குத் தேவைப்படுவதைவிடக் கூடுதல் டோஸும், 8 முதல் 12 வாரக் காத்திருப்பும் தேவை. எட்டு வாரத்தில் மனச்சோர்வு மருந்துக்குச் சொல்லும் தீர்ப்பை இங்கே சொன்னால் அவசரப்பட்டதாகிவிடும்.

விபத்து, வன்முறை, பேரிடர் ஆகியவற்றுக்குப் பின் வரும் பேரதிர்ச்சிக் கோளாறான பி.டி.எஸ்.டி.க்கு, அந்த நினைவை நேருக்கு நேர் கையாளும் சிகிச்சைகளும், கண்களை இடம் வலமாக அசைத்தபடி நினைவை மீட்டுப் பார்க்கும் ஈ.எம்.டி.ஆர். முறையும் முன்னிலையில் இருக்கின்றன. நிகழ்வு நடந்த உடனே பாதிக்கப்பட்டவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் ஒரே அமர்வில் கொட்டச் சொல்வது உதவுவதில்லை என்று தெரியவந்து, அந்த வழக்கம் கைவிடப்பட்டது. முதல் மாதத்தில் பென்சோடயசெபின் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-இல் அறிவுறுத்தியது. நெடுநாள் தூக்கமின்மையிலும் முதலிடம் தூக்க மாத்திரைக்கு இல்லை. தூக்கத்துக்கென்றே அமைந்த சி.பி.டி.க்குத்தான்.

மாத்திரையும் பயிற்சியும் போதாதபோது

ஷாக் ட்ரீட்மென்ட் என்று அச்சத்தோடு பேசப்படும் மின் அதிர்வுச் சிகிச்சை 1938-இல் ரோமில் தொடங்கியது. இன்று அது மயக்க மருந்தும் தசைத் தளர்ச்சி மருந்தும் கொடுத்து, வாரம் இரண்டு மூன்று முறையாக, பெரும்பாலும் 6 முதல் 12 அமர்வுகளாகச் செய்யப்படுகிறது. சாப்பிடாமல், பேசாமல், அசையாமல் கிடக்கும் அளவுக்குக் கடுமையான மனச்சோர்வில், மாத்திரைகளைவிட வேகமாக, சில வாரங்களிலேயே உயிர் காக்கிறது. சிகிச்சைக் காலத்தை ஒட்டிய நினைவுகள் மறந்துபோவது அதன் முக்கியமான விலை. சிலருக்கு அந்த இழப்பு நீடிக்கிறது. நம் காலக்கணக்கில் இதன் குறை மூன்றாம் கட்டத்தில் இருக்கிறது: முடித்த பிறகு மருந்தாலோ இடைவெளி விட்ட அமர்வுகளாலோ தாங்கிப் பிடிக்காவிட்டால், பலருக்கு மாதங்களுக்குள் நோய் திரும்பிவிடுகிறது. மயக்க மருந்து தேவைப்படாத காந்தத் தூண்டல் சிகிச்சைக்கு 2008-லும், மருத்துவக் கண்காணிப்பிலேயே கொடுக்க வேண்டிய எஸ்கெட்டமின் மூக்குத் தெளிப்பானுக்கு 2019-லும் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது.

தற்கொலை எண்ணம் திட்டமாக மாறியிருந்தால், சிகிச்சைகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்க அது நேரமல்ல. அவரைத் தனியே விடாமல், மருந்து, கயிறு, பூச்சிக்கொல்லி போன்றவற்றைக் கைக்கெட்டாமல் அகற்றிவிட்டு, உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். வெளிப்படையாகக் கேட்டால் எண்ணம் தூண்டப்பட்டுவிடுமோ என்று அஞ்சிக் கேட்காமல் இருக்க வேண்டாம். ‘சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?’ என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை.

உடற்பயிற்சியைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். லேசான, மிதமான மனச்சோர்வில் தொடர்ந்த உடற்பயிற்சிக்கு உண்மையான பலன் உண்டு. கடுமையான நோயில் அது மாற்றுச் சிகிச்சை ஆகாது, துணை ஆகும். மூலிகைதானே என்று செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்னும் செடியின் மாத்திரைகளை எஸ்.எஸ்.ஆர்.ஐ.யுடன் சேர்த்து எடுப்பது ஆபத்தானது. அது கருத்தடை மாத்திரைகளின் வலிமையையும் குறைத்துவிடும்.

வெற்றி விழுக்காடுகளைப் படிக்கும் விதம்

‘நூற்றுக்கு எண்பது பேர் குணமானார்கள்’ என்ற வாசகத்தைப் படித்ததும் கேட்க வேண்டியவை: யாரோடு ஒப்பிட்டு, எப்போது அளந்து? மக்கள் சிகிச்சையைத் தேடிப் போவது நோய் உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்தில் இருப்பது எந்தச் சிகிச்சையும் இல்லாமலேகூட ஓரளவு இறங்கும். எனவே ஒப்பீட்டுக் குழு இல்லாத எண்களுக்கு மதிப்புக் குறைவு. தொடக்கநிலை வாசகர்கள் பலரும் இன்னொரு பொறியில் விழுகிறார்கள். மருந்து ஆய்வில் ஒப்பீடு வெற்று மாத்திரையோடு நடக்கிறது. அந்த வெற்று மாத்திரையோடு நம்பிக்கையும் மருத்துவரின் வாராந்தரக் கவனிப்பும் சேர்ந்தே வருகின்றன. பேச்சுச் சிகிச்சை ஆய்வுகள் பலவற்றில் ஒப்பீடு, காத்திருப்போர் பட்டியலில் சும்மா வைக்கப்பட்டவர்களோடு நடக்கிறது. இரண்டாவது எதிராளி மிகவும் பலவீனமானவர். ஆகவே முதல் ஆய்வின் எண்ணையும் இரண்டாவது ஆய்வின் எண்ணையும் பக்கத்தில் வைத்து, பேச்சுச் சிகிச்சை இரண்டு மடங்கு சிறந்தது என்று முடிவு செய்வது நியாயமல்ல. ஒரே ஆய்வில் இரண்டையும் நேரடியாக மோதவிட்ட முடிவுகளையே நம்ப வேண்டும். அவற்றில் இரண்டும் ஏறத்தாழ சமமாகவே நிற்கின்றன. தாம் எந்தச் சிகிச்சையைப் பெறுகிறோம் என்பதைப் பேச்சுச் சிகிச்சையில் மறைக்கவே முடியாது என்பதும் அந்த எண்களைச் சற்று உயர்த்திக்காட்டும்.

இவ்வளவையும் அறிந்த பிறகு, ஒருவர் தன் விருப்பத்துக்கும் இடம் கொடுக்கலாம். பலன் சமமாக இருக்கும் இடத்தில், விரும்பித் தேர்ந்த சிகிச்சையைப் பாதியில் கைவிடுவது குறைவு. கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் மட்டும், தாமாக மாத்திரையை நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் பேசியே முடிவெடுக்க வேண்டும். சிகிச்சையில்லாத மனச்சோர்வும் தாயையும் குழந்தையையும் பாதிக்கிறது.

தொடங்கி எட்டு வாரம் ஆன பின்னும் மதிப்பெண் பாதியாகக்கூடக் குறையவில்லை என்றால், மருத்துவரைச் சந்திக்கும்போது நான்கு கேள்விகளை இந்த வரிசையில் எழுதி எடுத்துச் செல்லலாம். மாத்திரையை ஒரு நாளும் விடாமல் எடுத்தேனா, வீட்டுப்பாடத்தை உண்மையில் செய்தேனா? டோஸ் போதுமானதா? நோயின் பெயர் சரிதானா, தைராய்டோ மதுவோ பைபோலாரோ கவனத்துக்குத் தப்பிவிட்டதா? இந்த மூன்றுக்கும் விடை திருப்தியாக இருந்தால்தான் நான்காவது கேள்வி: சிகிச்சையை மாற்றுவதா, இன்னொன்றைச் சேர்ப்பதா? எதைத் தேர்ந்தாலும் அந்த நாளின் தேதியையும் அன்றைய மதிப்பெண்ணையும் பழைய தாளிலேயே அடுத்த வரியில் எழுதிக்கொள்ளலாம். புதிய சிகிச்சையின் எட்டு வாரம் அன்றிலிருந்துதான் தொடங்குகிறது.